கடவுளின் காலைப் பார்த்தவர் செதுக்கிய மீன்

வேம்படி:
வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வருடமாக இருக்கிறேன், மென்பொருள் வேலை. போன வாரம் ஒரு கூட்டத்துக்காக வேறொரு நிறுவனத்தின் கட்டடத்துக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு மர மீன். என்னைவிட நீளம். உளிபட்ட தடம் ஒவ்வொன்றும் அப்படியே தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கவில்லை. கண் மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்கு. கீழே ஒரு சின்னப் பித்தளைத் தகடு. ‘மீன்’ என்று ஒரே சொல், அதன் கீழே ஜாக்சன் லுங்வானி என்ற பெயர். (பெயரின் முதல் எழுத்தை இங்குள்ளவர்கள் நாக்கோரத்தில் மூச்சை விட்டுச் சொல்கிறார்கள். ஹ்லுங்வானி என்று எழுதினாலும் சரியாக வராது. லுங்வானி என்றே வைத்துக்கொள்கிறேன்.)

கூட்டம் தொடங்க அரை மணி தாமதமானது. அந்த அரை மணியும் மீனோடுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1923-இல் இன்றைய லிம்போப்போ மாகாணத்தில், சோங்கா மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கலைப் பள்ளி எதற்கும் போனதில்லை. பிழைப்புக்காக இதே ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து, வேலையிடத்து விபத்தில் ஒரு விரலை இழந்து ஊர் திரும்பியவர். 1946-இல் சயோன் சபை ஒன்றில் போதகரானார். பிறகு சொந்தமாகவே ஒரு சபை தொடங்கினார். அதன் பெயர் ‘யேசு கலிலேயா ஒன் அப்போஸ்தோ இன் சயோனி ஆல்ட் அண்ட் ஒமேகா’. ‘ஆல்ஃபாவும் ஒமேகாவும்’, அதாவது முதலும் முடிவும், என்று பைபிளில் வரும் தொடர் அது. ஆல்ஃபா அவர் வாயில் ஆல்ட் ஆகிவிட்டது, அதை அவர் மாற்றவேயில்லை. 2010 ஜனவரியில் இறந்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். மீன் கிறிஸ்துவின் சின்னம் என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்தப் பொருளைச் சொல்ல அவ்வளவு பெரிய மீன் எதற்கு? அந்தக் கண் எதற்கு? மரச் சிற்பம், ஆப்பிரிக்க மதங்கள் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விளக்குங்கள்.

கோட்டான்:
கார்ப்பரேட் கட்டடத்தின் வரவேற்பறையில் இருக்கும் மீனுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு தம்பி. விலை ஏறும்.

போகட்டும். சயோன் சபை என்றால் இஸ்ரேல் ஆதரவுக் கூட்டமா? ஆப்பிரிக்கக் கிராமத்தில் அதற்கு என்ன வேலை?

தாழைமடல்:
கோட்டான் ஐயா, அந்த சயோன் வேறு. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் சயோன் என்றே ஒரு ஊர் உண்டு. ஜான் அலெக்சாண்டர் டோவி என்ற போதகர் நிறுவியது. மருந்து வேண்டாம், ஜெபத்தாலேயே நோய் தீரும் என்று பிரசங்கித்தவர். அவருடைய ஆட்கள் 1904-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார்கள். அந்த விதை அங்கே விழுந்து முழுக்க வேறு பயிராக முளைத்தது. வெள்ளைக்காரப் போதகர் யாரும் இல்லாமல், கறுப்பின மக்கள் தாங்களே நடத்தும் ஆயிரக்கணக்கான சிறு சபைகள். வெண்ணிற, நீல நிற அங்கிகள், கையில் கோல், ஆற்றில் ஞானஸ்நானம், கனவு, தீர்க்கதரிசனம், தொட்டுக் குணமாக்குதல். இவற்றில் மிகப் பெரியது போலக்வானே அருகே மோரியாவை மையமாகக் கொண்ட சயோன் கிறிஸ்தவ சபை. வேம்படி நிச்சயம் பார்த்திருப்பார், சட்டையில் பச்சைத் துணித்துண்டின் மேல் வெள்ளி நட்சத்திரம் குத்தியிருப்பார்கள்.

நான் மதங்கள் பற்றிய படிப்பில் இந்தச் சபைகளைக் கொஞ்சம் படித்தவள். கலை எனக்குத் தெரியாது. அதனால் மீனை விட்டுவிட்டு காலிலிருந்து தொடங்குகிறேன்.

1978-இல் லுங்வானிக்குக் காலில் ஆறாத புண். சாத்தான் எய்த அம்பு என்பது அவர் சொன்ன விளக்கம். வலி தாங்காமல் உயிரை விட்டுவிடத் தீர்மானித்திருந்த நேரத்தில் கிறிஸ்து இரண்டு பேரோடு வந்து நின்றாராம். மூன்று வாக்குறுதிகள் தந்தாராம். நீ குணமாவாய், வாழ்நாள் முழுக்கக் கடவுளுக்கு ஊழியம் செய்வாய், கடவுளை நேரில் காண்பாய் என்று. கடைசி வாக்குறுதி எப்படி நிறைவேறியது என்று கேளுங்கள். அவர் கண்டது கடவுளின் கால்களை மட்டும், நடந்து போகும் கால்களை. முகம் தெரியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதுதான். பொய் சொல்கிறவன் முகத்தைப் பார்த்தேன் என்றுதான் சொல்வான்.

அதற்குப் பிறகுதான் எலிம் ஊருக்குப் பக்கத்தில் ம்போகோத்தா என்ற இடத்தில், ஒரு குன்றின்மேல், ‘புதிய எருசலேம்’ எழும்பியது. அந்தக் குன்றில் முன்பே பழைய காலத்துக் கற்சுவர்களின் மிச்சம் இருந்தது. இரும்புக்கால மக்கள் வாழ்ந்த இடம். அவர் அதன்மேலேயே மேலும் கல் அடுக்கி, வளைந்து வளைந்து போகும் பாதைகள் கட்டி, கடவுளுக்கு ஒரு பீடம், கிறிஸ்துவுக்கு ஒரு பீடம் வைத்தார். அவருடைய சிற்பங்கள் முதலில் அங்கேதான் நின்றன. காட்சிக்கு வைக்கவில்லை. அவற்றுக்கு நடுவே நின்று பிரசங்கம் செய்தார்.

உளிச்சத்தம்:
நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். பரம்பரையாக மரவேலை, கோயில் வாகனமும் கதவும் செய்கிறோம். எனக்கு ஆப்பிரிக்கா தெரியாது, மரம் தெரியும். தம்பி வேம்படி, மறுபடி போனால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, மீனின் முதுகுக் கோட்டோடு மரத்தின் இழை சேர்ந்து ஓடுகிறதா, குறுக்கே வெட்டுப்படுகிறதா? இரண்டு, வால் எங்கே பிரிகிறதோ அங்கே கணு இருக்கிறதா? மூன்று, தடம் குழிவாக, சின்ன ஸ்பூனால் வழித்தது மாதிரி இருக்கிறதா, இல்லை நேர்கோடாக இருக்கிறதா?

குழிவாக இருந்தால் அது உளி இல்லை, வாச்சி, மண்வெட்டி மாதிரி அலகு குறுக்கே இருக்கும் கொத்துக் கருவி. ஆப்பிரிக்கச் சிற்பங்கள் பெரும்பாலும் வாச்சியால் கொத்தியவைதான் என்று கேள்வி. வாச்சி வேலையில் அழித்து எழுத முடியாது. உளியையும் கொட்டாப்புளியையும் வைத்து நான் ஒரு மூக்கை மூன்று நாள் தடவிக்கொண்டிருப்பேன். வாச்சி கை வீசும் வேகத்தில் முடிந்துவிடும்.

வேம்படி:
ஐயா, மூன்றாவதுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பூனால் வழித்தது மாதிரிதான். வெயில் சாய்ந்து விழுந்தபோது ஒவ்வொரு குழியிலும் ஒரு நிழல் இருந்தது. செதில் செதுக்கியிருக்கிறார் என்றே முதலில் நினைத்துவிட்டேன். மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். படம் எடுக்க விடமாட்டார்கள்.

நிழற்குடை:
ஆப்பிரிக்க மரச் சிற்பம் என்றதும் உள்ளே வந்தேன். தார் எஸ் சலாமில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன். எனக்குத் தெரிந்தது மகோண்டே. மொசாம்பிக் எல்லைப் பக்கத்திலிருந்து தான்சானியாவுக்குப் பிழைக்க வந்த மக்கள். கறுப்பு மரத்தில் ‘ஷெத்தானி’ என்று ஒரு வகை செதுக்குவார்கள். ஒற்றைக் கண், நீண்டு தொங்கும் காது, வயிற்றிலிருந்து முளைக்கும் கை. ஆவிகள். சொல்லைக் கவனியுங்கள், அரபியிலிருந்து சுவாஹிலிக்குப் போய் ஷெத்தானி, நம்மிடம் வந்து சைத்தான்.

அந்த வகையைத் தொடங்கியவர் சாமாக்கி லிகான்கோவா. 1950-களின் கடைசி. அவரிடம் வாங்கி அந்தப் பாணியை ஊக்குவித்தது தார் எஸ் சலாமில் கடை வைத்திருந்த முகமது பீரா என்ற இந்திய வம்சாவளி வியாபாரி. இப்போது சொல்லுங்கள், ஷெத்தானி பழங்கால ஆவி நம்பிக்கையா, கடைக்காரருக்குப் பிடித்த சரக்கா? இரண்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரு செதுக்குகாரர் காலையில் ஷெத்தானி செய்வார், மதியம் பள்ளிவாசலுக்குப் போவார். பயமில்லையா என்றால் சிரிப்பார்.

உளிச்சத்தம்:
நிழற்குடை அண்ணா சொல்லும் கறுப்பு மரம் எபனி என்று கடையில் சொல்வார்கள். நம்ம கருங்காலி இல்லை அது. சுவாஹிலியில் ம்பிங்கோ. நம்ம ஈட்டி மரத்துக்குச் சொந்தக்காரன், ஒரே பேரினம். கிளாரினெட் செய்வதும் அதில்தான். நடுவே வைரம், அதாவது முற்றிய உள்மரம், கறுப்பு. சுற்றி இருக்கும் வெளிறு மஞ்சள். நல்ல வேலைக்காரன் ஓரத்தில் கொஞ்சம் வெளிறை விட்டுவைத்துத் தன் மரம் அசல் என்று காட்டுவான். விமான நிலையத்தில் கிடைப்பதில் பாதி சாதா மரம், பூட்ஸ் பாலீஷ் போட்டது. ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்தால் கையில் ஒட்டும்.

நிழற்குடை:
பத்து வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா. வீட்டில் மூன்று வைத்திருக்கிறேன். துணியை எடுக்கவே பயமாக இருக்கிறது.

கோட்டான்:
நான் நக்கலாகத் தொடங்கினாலும் இந்த உரையாடல் இழை சூடு பிடித்துவிட்டது. சரி, என் உண்மையான சந்தேகம். ‘தானாகக் கற்றவர்’, ‘சுயம்பு’ என்று ஒரு ஒளிவட்டம் கட்டுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையில்லை. பள்ளிக்கூடம் போன கலைஞனிடம் ‘உன் கருத்து என்ன’ என்று கேட்பார்கள். போகாதவனிடம் ‘உன் கனவு என்ன’ என்று கேட்பார்கள். கனவு சொன்னால்தான் விற்கும். அந்தப் புண், அந்தக் கால், எல்லாம் வாங்க வந்தவர்களுக்காகச் செப்பனிடப்பட்ட கதையாக இருக்கக் கூடாதா?

தாழைமடல்:
கேள்வி நியாயமானது. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

1985-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘டிரிப்யூட்டரீஸ்’, அதாவது துணையாறுகள், என்று ஒரு கண்காட்சி நடந்தது. ரிக்கி பர்னெட் தொகுத்தது, பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பணம். பிறகு ஜெர்மனிக்கும் போனது. லுங்வானி, நோரியா மபாசா, நெல்சன் முகுபா, ஃபுத்துமா செவோகா என்று வடக்கு மூலையிலிருந்த மரச் சிற்பிகள் நகரத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். உடனே அவர்களுக்கு ஒரு பெட்டி தயாரானது. ‘இடைமாறும் கலை’ என்று பெயர். எதிலிருந்து எதற்கு மாறுகிறார்கள்? பழங்குடித்தனத்திலிருந்து நவீனத்துக்காம். லுங்வானி எங்கேயும் மாறிக்கொண்டிருக்கவில்லை, தன் குன்றில் உட்கார்ந்திருந்தார். காலத்தையும் பாருங்கள். நிறவெறி அரசு சோங்காக்காரர்களுக்கு கசான்குலு, வெண்டாக்காரர்களுக்கு வெண்டா என்று தனித்தனித் ‘தாயகம்’ பிரித்துக் கொடுத்திருந்த நாட்கள். அந்த நேரத்தில் ஒரு கறுப்பினப் போதகர் தன் ஊருக்குத் தானே புதிய எருசலேம் என்று பெயர் வைக்கிறார். அரசாங்கம் கொடுத்த பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

‘தானாகக் கற்றவர்’ என்பதும் பாதிதான் உண்மை. அவருடைய அப்பாவுக்கு மரவேலையும் இரும்பு வேலையும் தெரியும். கைப்பிடி, கிண்ணம், கரண்டி செய்யும் கை அங்கிருந்து வந்தது. சோங்கா மக்களிடம் மரச் செதுக்கு புதிதும் இல்லை. கைத்தடி செதுக்குவார்கள். தலையணை செதுக்குவார்கள். பஞ்சுத் தலையணை இல்லை, கட்டையில் செய்த சின்ன முக்காலி மாதிரி ஒன்று. அதன்மேல் கழுத்தை வைத்துத் தூங்குவார்கள். அந்தத் தூக்கத்தில்தான் முன்னோர்கள் கனவில் வருவார்கள். உரியவர் இறந்தபின், அவரோடு பேச அந்தக் கட்டையே வழி என்று வைத்திருந்த குடும்பங்கள் உண்டு.

ஆக, மரம், தூக்கம், கனவு, இறந்தவர் குரல் நான்கும் ஏற்கெனவே ஒரே கட்டையில் இருந்த பண்பாடு அது. கோட்டான் ஐயா, லுங்வானி கனவு சொன்னது விற்பதற்காக என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கனவு வாங்க வந்தவர்களுக்கு முன்பே ஊரில் இருந்தது. 1946-இலேயே போதகர், 1985-இல்தான் கண்காட்சி. நடுவில் நாற்பது வருடம் யாருக்காக நடித்தார்?

கோட்டான்:
நாற்பது வருட நடிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் புண் வந்தது 1978, கண்காட்சி 1985. என் கணக்கில் ஏழு வருடம்.

தாழைமடல்:
சரி, ஏழு. குறித்துக்கொண்டேன்.

மாங்கொட்டை:
நோரியா மபாசா பெயரை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்களே அக்கா! எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பெரியவர் அவர்தான். 1938-இல் பிறந்தவர். வெண்டா பகுதி. பெண்கள் மண்ணைத் தொடலாம், மரத்தைத் தொடக் கூடாது என்ற ஊரில் மரம் செதுக்க உட்கார்ந்தவர். முதலில் நோய், பிறகு கனவில் ஒரு கிழவி வந்து மண்ணில் உருவம் செய்யச் சொன்னாளாம். மண் பொம்மையில் தொடங்கினார். போலீஸ்காரர், சிப்பாய் எல்லாம் செய்தார். 1970-களின் நடுவில் மரத்துக்குப் போனார். அதற்கும் கனவுதான் அனுமதிச் சீட்டு.

கோட்டான் ஐயா கனவை நக்கல் அடிக்கிறீர்கள். ஒரு பெண் ‘எனக்கு ஆசையாக இருக்கிறது, வாச்சியை எடுக்கிறேன்’ என்றால் ஊர் விடுமா? ‘கிழவி சொன்னாள்’ என்றால் யாரால் தடுக்க முடியும்? நம்ம ஊரில் சாமி வந்து பேசும் பெண்ணிடம் புருஷன் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்ததில்லையா? அதற்காக அந்தச் சாமி பொய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

அவருடைய ‘கார்னேஜ் 2’, அதாவது பேரழிவு, 1988-இல் செய்தது. ஒரு பெரிய அடிமரத்தில் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் மனித உடல்கள். யார் கை யார் கால் என்று பிரிக்க முடியாது. படத்தில் பார்த்தே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. லுங்வானியின் மீன் எனக்கு அப்படி எதுவும் செய்யவில்லை, மன்னிக்கவும்.

நிழற்குடை:
மாங்கொட்டை சொன்ன கனவு அனுமதிச் சீட்டு விஷயம் அருமை.

வேம்படி:
படித்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோருக்கும் நன்றி. இணையத்தில் அவருடைய மற்றச் சிற்பங்களின் படங்களையும் பார்த்தேன். ‘கிறிஸ்து கால்பந்து ஆடுகிறார்’ என்று ஒன்று. ‘காயீனின் விமானம்’ என்று ஒன்று. ‘கடவுளின் கால், முட்டைகளோடு’ என்று ஒன்று. ‘ஆதாமும் ஏவாளின் பிறப்பும்’ என்பது ஒரே மரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தம்பியைக் கொன்ற காயீனுக்கு விமானம் எதற்கு? பைபிளில் எங்கே தேடுவது?

தாழைமடல்:
பைபிளில் தேடினால் கிடைக்காது. நான் படித்த அளவில், இந்தச் சபைகளில் வேதம் முடிந்துபோன புத்தகம் கிடையாது. தரிசனம் கண்டவர் அதன் அடுத்த பக்கத்தை எழுதலாம். காயீன் கொலை செய்துவிட்டு அலைந்து திரிகிறவன். நம் காலத்தில் அலைகிறவன் எதில் போவான்? நான் அப்படிப் புரிந்துகொள்கிறேன், அவர் சொன்ன விளக்கம் வேறாக இருந்திருக்கலாம். கால்பந்தும் அப்படியே. அந்த ஊர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பார்கள்? மைதானத்தில். கிறிஸ்து அங்கே போகாமல் எங்கே போவார்?

முட்டைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காலுக்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் கண்டது கால், அதனால் செதுக்கியதும் கால். முகத்தைக் காணாதவர் முகத்தைக் கற்பனை செய்யவில்லை.

மீனுக்கு வருகிறேன். மீன் கிறிஸ்து என்பது ரோமாபுரிக் காலத்துப் பழைய சின்னம், அது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் லிம்போப்போ வறண்ட பகுதி. மழை பொய்த்தால் எல்லாம் போச்சு. அங்கே தண்ணீரில் வாழ்வது சாதாரண விஷயம் இல்லை. பக்கத்திலேயே வெண்டா மக்களின் புனித ஏரி ஃபுண்டூட்ஸி. அதில் மலைப்பாம்பு வடிவில் தெய்வம் இருப்பதாக நம்பிக்கை. பெண்பிள்ளைகளின் சடங்கில் ஆடும் டோம்பா நடனமே பாம்பு நெளிவதுபோல வரிசையாக ஆடுவதுதான். சயோன் சபைகளில் நோயாளியைக் குணமாக்குவதும் ஆற்றுத் தண்ணீரில். தண்ணீருக்குள் இருப்பது எதுவோ அதற்கு மேலுலகத்தோடு பேச்சு உண்டு என்று எல்லாப் பக்கமும் சொல்லும் ஊரில் ஒருவர் மீன் செதுக்குகிறார். அதனால்தான் ‘கிறிஸ்துவின் சின்னம்’ என்ற ஒரு வரி உங்களுக்குப் போதவில்லை வேம்படி.

கோட்டான்:
அக்கா எழுதியதற்குக் கை தட்டுகிறேன், நக்கல் இல்லை. ஆனால் ஒன்றை யாருமே தொடவில்லை. அந்தக் குன்று என்ன ஆனது? நானும் தேடினேன். 1980-களின் கடைசியில் பீடங்களில் இருந்த சிற்பங்கள் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, விற்கப்பட்டு, அருங்காட்சியகச் சேகரிப்புகளுக்குப் போய்விட்டன. அவரே சம்மதித்துக் கொடுத்தது. சாமியை விற்றவரைப் பற்றி நாம் இவ்வளவு உருகலாமா?

உளிச்சத்தம்:
விற்பதில் என்ன தப்பு ஐயா? என் தாத்தா செய்த குதிரை வாகனத்துக்கும் கூலி வாங்கினார். கூலி வாங்கினதால் சாமி அதில் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை.

கோட்டான்:
உங்கள் தாத்தா செய்தது கோயிலுக்குப் போனது. இது கோயிலிலிருந்து போனது.

தாழைமடல்:
இந்த இடத்தில் எனக்கும் வலிக்கிறது. பதில் முழுதாக இல்லை.

அவர் பக்கம் நின்று பார்த்தால், அவர் போதகர். சிற்பம் அவருக்குப் பிரசங்கம். பிரசங்கம் பெரிய ஊருக்குப் போகிறது என்றால் எந்தப் போதகர் வேண்டாம் என்பார்? குன்றுக்கு வந்தவர்கள் நூறு பேர், நகரத்தில் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். நகரத்தின் பக்கம் நின்று பார்த்தால், அப்படியே விட்டிருந்தால் கரையானும் மழையும் தின்றிருக்கும், இன்று வேம்படி பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. இரண்டும் உண்மை. ஆனாலும் எடுத்துப்போனது மரத்தை மட்டும்தான். கற்பாதை குன்றிலேயே கிடக்கிறது. ஏறிவரும்போது மூச்சு வாங்குமே, வளைவில் திரும்பினால் திடீரென்று பீடம் தெரியுமே, அவர் குரல் கேட்குமே, அவற்றை எந்த லாரியில் ஏற்றுவது? அருங்காட்சியகத்தில் பீடத்தைத் திரும்ப அடுக்கிக் காட்டலாம். அங்கே யாரும் நோய் தீர வந்து நிற்கப் போவதில்லை.

அவர் அதற்குப் பிறகு வேறு இடத்தில் குடியேறி அதற்கு ‘கானான்’ என்று பெயர் வைத்தார். மறுபடி செதுக்கினார். இறந்து பத்து வருடம் கழித்து, 2020-இல் கேப் டவுனில் நார்வல் நிறுவனத்தில் ‘ஆல்ட் அண்ட் ஒமேகா’ என்ற பெயரிலேயே பெரிய கண்காட்சி வைத்தார்கள். அவர் வாயில் வந்த அந்த ஆல்ட்டைத் திருத்தாமல் வைத்தார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

மாங்கொட்டை:
எருசலேமிலிருந்து கானானுக்குப் போகிறார்! பைபிளில் கானான்தானே முதலில்? பின்னோக்கிப் போயிருக்கிறார்.

தாழைமடல்:
எனக்கு இது தோன்றவே இல்லை. பெயரே ஆல்ட் அண்ட் ஒமேகாதானே, எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் போல.

நடுவர்:
இழை நன்றாகப் போகிறது. மகோண்டே சிற்பங்களை எங்கே விற்கலாம் என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நிழற்குடை, அவற்றில் ஒன்று உங்களுடையது.

நிழற்குடை:
துணியால் தேய்த்தேன் நடுவர் ஐயா. இரண்டு ஒட்டியது, ஒன்று ஒட்டவில்லை. ஒட்டாததை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்கலாம் என்றுதான்.

வேம்படி:
மன்னிக்கவும், பத்து நாளாக எழுத முடியவில்லை. நேற்று அந்தக் கட்டடத்துக்கு மறுபடி போனேன், கூட்டம் எதுவும் இல்லாமலே. வாசலில் இருந்த காவலரிடம் மீனைப் பார்க்க வந்தேன் என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு விட்டார். சட்டையில் பச்சைத் துணியும் வெள்ளி நட்சத்திரமும் இருந்தன. தாழைமடல் அக்கா சொல்லியிருக்காவிட்டால் கவனித்திருக்கமாட்டேன்.

உளிச்சத்தம் ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பதில். முழங்கால் போட்டுப் பார்த்தேன். இழை முதுகோடு சேர்ந்தேதான் ஓடுகிறது, ஓரிடத்தில்கூட வெட்டுப்படவில்லை. மரம் வளைந்த இடத்தில் மீன் வளைகிறது. வால் பிரியும் இடத்தில் கணு இல்லை, கவட்டையே இருக்கிறது. இரண்டு கிளை பிரிந்த இடம் அப்படியே வாலாகியிருக்கிறது. கண் இருக்கும் இடத்தில்தான் கணு. நான் கண்மணி என்று நினைத்த கறுப்பு வட்டம் ஒரு கிளை ஒடிந்த இடத்தின் வைரம். அதைச் சுற்றிக் கொஞ்சம் பள்ளம் தோண்டியிருக்கிறார், அவ்வளவுதான். கண்ணிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு நீள விரிசல், விரல் நுழையும் அளவுக்கு. அடைக்கவில்லை.

காவலர் பின்னாலேயே வந்து நின்றார். செய்தவர் உங்கள் சபையா என்று கேட்டேன். இல்லை, எங்கள் சபையில் உருவம் வைக்கமாட்டோம் என்றார். அப்படியானால் இது உங்களுக்கு என்ன என்று கேட்டேன். யோசித்தார். ராத்திரி ஷிப்டில் விளக்கை அணைத்த பிறகு வெளித் தெருவின் வண்டி வெளிச்சம் கண்ணாடி வழியாக மீன்மேல் போகும்போது அது நகர்வது மாதிரி இருக்கும், அதனால் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவேன் என்றார். பயமா என்றேன். பயமில்லை, முதுகைக் காட்டி உட்காருவது மரியாதை இல்லை என்றார்.

உளிச்சத்தம்:
தம்பி, படித்துவிட்டு வாச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்களுக்குத் தாளக் கணக்கு உண்டு. முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று அளவு முதலில் வரும், அப்புறம் அந்த அளவுக்கு மரம் தேடுவோம். கணு வந்தால் சபித்துக்கொண்டே ஒதுக்குவோம். கண்ணில் கணு வந்தால் அந்தக் கட்டையே அடுப்புக்கு. இந்த மனுஷன் தலைகீழாகப் போயிருக்கிறார். ஒடிந்த கிளையின் தழும்பைப் பார்த்துவிட்டு, இது கண், ஆகவே இந்த மரம் மீன் என்று முடிவு செய்திருக்கிறார். கண் முதலில், மீன் பிறகு. நீங்கள் முதல் பதிவில் கேட்டீர்களே, அந்தக் கண் எதற்கு என்று. என் பதில் அதுதான். கிறிஸ்துவைப் பற்றி அக்கா சொன்னதையும் இதோடு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த விரிசல் பச்சை மரத்தில் வேலை செய்ததால் வந்தது. காய வைக்கப் பொறுமை இல்லை. எங்கள் பட்டறையில் அப்பா பார்த்தால் அடித்திருப்பார்.

கோட்டான்:
அந்தக் காவலர் பெயர் என்ன தம்பி?

வேம்படி:
கேட்கவில்லை ஐயா. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன். வேலை போய்விடும்.

கோட்டான்:
நல்லது. நாற்காலி திருப்பிப் போட்டது போதும்.